எருமை மந்தையில் குடற்புழு: போத்தலைத் திறப்பதற்கு முன்னும் பின்னும்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எருமை வைத்திருப்பவர்களிடம் புழு என்று சொன்னால் போதும், பட்டணத்துக் கடையில் ஒரு போத்தல் மருந்தை வாங்கிவந்து கொட்டகையில் நிற்கும் எல்லாவற்றுக்கும் ஒரே அளவாக ஊற்றிவிடுவார்கள். கன்றுக்கும் அதுதான், கடாவுக்கும் அதுதான். எந்த வயது மாடு, எந்தப் புழு, எத்தனை கிலோ எடை என்பது தெரியாமல் போத்தலைத் திறந்தால் காசுதான் போகும், புழு போகாது.

செம்பனை மரத்தடியில் மேய்ந்து, சாயங்காலம் கொட்டகைக்கு வரும் சின்ன, நடுத்தர மந்தைகளுக்காக எழுதியது இது. பாலுக்கு வளர்க்கும் முர்ரா, குலை வண்டி இழுக்கும் சதுப்பு எருமை இரண்டுக்கும் பொருந்தும். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. முதலில் சேர்த்து வைக்க வேண்டியவை

ஒரு நோட்டுப் புத்தகம், அழியாத மை பேனா, முழங்கை வரை வரும் பிளாஸ்டிக் கையுறை, வாய் மூடும் சின்ன பிளாஸ்டிக் பைகள், ஐஸ் பெட்டி, அளவு நாடா, மருந்து புகட்டும் பம்ப். மாட்டை அசையாமல் நிறுத்த ஒரு குறுகலான மரச்சட்டம். இவ்வளவுதான்.

தையல்காரர் நாடா 150 செ.மீ.தான் இருக்கும், வளர்ந்த எருமையின் மார்பைச் சுற்றாது. கட்டட வேலைக்கு வாங்கும் இரும்பு நாடா வளையாது. துணியிலோ மெல்லிய பிளாஸ்டிக்கிலோ 3 மீட்டர் நாடா தேடி வாங்குங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் நோட்டுதான். காது எண், கன்று ஈன்ற தேதி, மருந்தின் பெயர், கொடுத்த அளவு. பிறந்த தேதி எழுதாத கொட்டகையில் அடுத்த படியைச் செய்யவே முடியாது.

2. பிறந்த கன்று: 10ஆம் நாளிலிருந்து 16ஆம் நாளுக்குள்

சாணப் பரிசோதனைக்குக் காத்திருக்காமல் மருந்து கொடுக்க வேண்டியது இந்த ஒரு இடத்தில் மட்டும்தான்.

எருமைக் கன்றுகளை அதிகம் கொல்லும் குடற்புழு டாக்ஸோகாரா விட்டுலோரம் என்ற பெரிய உருண்டைப்புழு. வெள்ளையாக, ஒரு சாண் நீளத்துக்கு மேலும் வளரும். கன்று இதைப் புல்லிலிருந்து வாங்குவதில்லை, தாய்ப்பாலிலிருந்து வாங்குகிறது. தாயின் உடம்புக்குள் உறங்கிக் கிடக்கும் இளம்புழுக்கள் ஈனும் சமயத்தில் விழித்து மடிக்கு வந்து, முதல் சில வாரங்களுக்குப் பாலோடு கன்றின் குடலுக்குப் போகின்றன. அதனால்தான் ஒரு வாய் புல் கடிக்காத கன்றுக்கும் வயிறு நிறையப் புழு இருக்கிறது.

10ஆம் நாளுக்கு முன் கொடுத்தால், அதற்குப் பிறகு பாலில் வரும் புழுக்கள் தப்பிவிடும். 16ஆம் நாளைத் தாண்டினால் புழு வளர்ந்து குடலை அடைக்கத் தொடங்கும். மூன்று வாரத்துக்கு மேல் அது முட்டையும் போடும். கவனிக்காத கன்றின் ஒரு கிராம் சாணத்தில் பல ஆயிரம் முட்டை இருக்கும். தடித்த ஓடுள்ள அந்த முட்டை ஈர மண்ணில் மாதக்கணக்கில் சாகாது. கொட்டகைத் தரையில் விழுந்ததை அடுத்த தாய்மாடு நக்கும். மறுபடியும் அதே சுற்று.

இந்த வயதுக்குப் பைரன்டெல் நன்றாக வேலை செய்யும். வேறு சில மருந்துகளும் உண்டு, ஆனால் வளர்ந்த புழுவைக் கொல்லும் எல்லா மருந்தும் வளராத புழுவைக் கொல்லாது. ஆகவே டாக்டரிடம் ‘கன்றுக்குப் புழு மருந்து வேண்டும்’ என்று மொட்டையாகக் கேட்காமல், ‘பிறந்து 12 நாள் ஆன எருமைக் கன்று, இத்தனை கிலோ’ என்று வயதும் எடையும் சொல்லிக் கேளுங்கள்.

பாலில் புழு வருகிறது என்று கேள்விப்பட்டு சீம்பாலை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அது கன்றைக் கொல்லும் வேலை. நோயைத் தாங்கும் சக்தி சீம்பாலில்தான் இருக்கிறது. பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் வயிறு நிறையக் குடிக்க வேண்டும். புழுவை 10ஆம் நாளுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

‘தாய்க்கு மருந்து கொடுத்தால் கன்று தப்பாதா, அண்ணே?’ என்று கேட்பவர்களும் உண்டு. தாயின் தசையில் உறங்கும் இளம்புழுவை வழக்கமான மருந்துகள் சுத்தமாக அழிப்பதில்லை. கன்றைத்தான் பிடிக்க வேண்டும்.

நாள் தவறிவிட்டால்? ஒரு மாதம் தாண்டிய கன்று வயிறு உப்பி, சாம்பல் நிறத்தில் பசைபோல நாற்றமடிக்கும் சாணம் போட்டால் புழு முற்றிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாணமே போடாமல் வலியில் வயிற்றை உதைத்துக்கொண்டு கிடந்தால் நீங்களாக மருந்து கொடுக்காதீர்கள். குடல் ஏற்கெனவே அடைத்திருக்கலாம். டாக்டர் வந்து பார்க்கட்டும்.

3. மற்றவற்றை வயதுப்படி பிரியுங்கள்

மூன்று மாதத்துக்கு உட்பட்டது, மூன்று மாதம் முதல் ஒன்றரை வயது வரை, வளர்ந்தது என்று மூன்று கூட்டம். வயதுக்கு வயது புழு மாறுவதால் இப்படிப் பிரிக்கிறோம்.

நடுக்கூட்டம்தான் மேய்ச்சல் நிலத்து உருண்டைப்புழுக்களிடம் அடி வாங்கும். ஹீமான்கஸ், மெசிஸ்டோசிரஸ் இரண்டும் நான்காம் வயிற்றில் ஒட்டி ரத்தம் குடிப்பவை. கூப்பீரியா, டிரைக்கோஸ்ட்ராங்கைலஸ் குடலைப் பதம் பார்ப்பவை. பால் மறந்து புல்லுக்கு மாறிய கன்று, எதிர்ப்புச் சக்தி முழுதாக வராத நிலையில், இவற்றை வாரிக்கொள்ளும்.

வளர்ந்த எருமைக்கு உருண்டைப்புழு பெரும்பாலும் பெரிய தொல்லை இல்லை. அதன் தொல்லை தட்டைப்புழு: கல்லீரலில் ஃபாசியோலா ஜைகான்டிகா, முதல் வயிற்றில் பாரம்ஃபிஸ்டோம்.

சின்னக் கன்றுகளுக்கு இன்னொன்றும் உண்டு. மூன்று வாரம் முதல் ஆறு மாதம் வரையில் முக்கி முக்கி ரத்தமும் சளியுமாகக் கழிந்தால் அது காக்சிடியாவாக இருக்கலாம். காக்சிடியா புழுவே இல்லை, ஒற்றைச் செல் கிருமி. புழு மருந்து எத்தனை போத்தல் ஊற்றினாலும் அதற்கு உறைக்காது. டோல்ட்ராசுரில், ஆம்ப்ரோலியம் போன்ற தனி மருந்தும், ஈரமில்லாத தரையும் வேண்டும்.

4. கண்ணால் பார்ப்பது

மாட்டை நிறுத்திக் கீழிமையை இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் சிவப்பு போய் வெளிறியிருந்தால் ரத்தம் குறைகிறது. முதுகெலும்பு, இடுப்பெலும்பு துருத்துகிறதா, வாலடியில் கழிச்சல் காய்ந்து ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். தாடைக்கு அடியில் தொங்கும் வீக்கம் ரத்தப் புரதம் குறைந்ததன் அடையாளம். ரத்தம் குடிக்கும் புழுவிலும் கல்லீரல் தட்டைப்புழுவிலும் வரும்.

இங்கே ஒரு பெரிய எச்சரிக்கை. தாடை வீக்கம் எல்லாம் புழு அல்ல. புழுவால் வந்த வீக்கம் மெத்தென்று குளிர்ந்திருக்கும், காய்ச்சல் இருக்காது, பல நாளாக மெல்ல வந்திருக்கும். தொண்டையில் வீக்கம் சூடாக, இறுக்கமாக, திடீரென்று வந்து, மாடு காய்ச்சலோடு எச்சில் ஒழுக மூச்சுத் திணறினால் அது தொண்டை அடைப்பான். மலாய்க்காரர்கள் ஹவார் பெர்டாரா என்பார்கள். எருமையை இது ஒன்றிரண்டு நாளில் கொன்றுவிடும். புழு மருந்து கொடுத்துவிட்டு நாளைக்குப் பார்ப்போம் என்று படுக்கப் போகாதீர்கள், உடனே கால்நடை இலாகாவைக் கூப்பிடுங்கள்.

5. சாணம் எடுப்பது

ஒவ்வொரு கூட்டத்திலும் பத்து மாடு; பத்துக்குக் குறைவென்றால் எல்லாம். மெலிந்ததை மட்டும் தேர்ந்தெடுத்தால் மந்தை முழுக்க நாசம் என்று அறிக்கை வரும். நன்றாக இருப்பதையும் சேருங்கள்.

தரையில் கிடக்கும் சாணத்தை அள்ளக்கூடாது. மண்ணில் தானாக வாழும் புழுக்கள் அதில் ஏறிவிடும், எந்த மாட்டுடையது என்பதும் தெரியாது. கையுறை போட்டு, விரலில் கொஞ்சம் தண்ணீர் தடவி, ஆசனவாயிலிருந்தே ஒரு கைப்பிடி எடுங்கள். சின்னக் கன்றுக்கு ஒரு விரல் போதும். கையுறையை அப்படியே உள்பக்கம் வெளியே வரும்படி உருவினால் சாணம் உள்ளே தங்கும். பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். காது எண்ணையும் வயதையும் எடுத்த நேரத்தையும் பையின்மேல் உடனே எழுதுங்கள். பிறகு எழுதலாம் என்று வைத்தால் எல்லாப் பையும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

நம் ஊர் வெயிலில் உருண்டைப்புழு முட்டை ஒரே நாளில் பொரிந்துவிடும். பொரிந்த முட்டையை எண்ண முடியாது. ‘புழு குறைவு’ என்று பொய்யான அறிக்கை வரும். அதற்குத்தான் காற்றை வெளியேற்றுவதும் ஐஸ் பெட்டியும். ஆனால் சாணம் உறையக்கூடாது, ஐஸுக்கும் பைக்கும் நடுவில் பழைய செய்தித்தாள் வையுங்கள். அன்றைக்கே, முடியாவிட்டால் 24 மணி நேரத்துக்குள், மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் சேருங்கள். கால்நடை ஆராய்ச்சிக் கழகம் ஈப்போவிலேயே இருப்பது நம் பகுதிக்கு ஒரு வசதி. முதல் நாளே போன் செய்து, எங்கே, எத்தனை மணிக்குள் மாதிரி வாங்குவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் கொண்டுபோனால் திங்கள் வரை கிடக்கும்.

கொடுக்கும்போது இரண்டு சோதனையும் கேளுங்கள். உப்புக் கரைசலில் மிதக்கவிட்டுப் பார்ப்பது உருண்டைப்புழு முட்டைக்கும் காக்சிடியாவுக்கும். தட்டைப்புழு முட்டை கனமானது, மிதக்காது. தண்ணீரில் அடியில் படியவிட்டுப் பார்க்க வேண்டும். மிதவைச் சோதனை மட்டும் செய்து ‘தட்டைப்புழு இல்லை’ என்று நிம்மதியாக இருக்கும் மந்தைகள் நிறைய.

6. அறிக்கையைப் படிப்பது

கிராமுக்கு இத்தனை முட்டை என்று ஓர் எண் இருக்கும். அந்த எண்ணை மாட்டின் நிலையோடு வைத்துப் படியுங்கள். கழிச்சல் சாணத்தில் தண்ணீர் அதிகம் என்பதால் எண் குறைவாகக் காட்டும். இளம்புழு முட்டை போடாது. முதல் வயிற்றுத் தட்டைப்புழுவின் குஞ்சுகள் சிறுகுடலை அரித்துக் கடும் கழிச்சல் வரும் நேரத்தில் சாணத்தில் ஒரு முட்டைகூட இல்லாமலிருக்கும். கல்லீரல் தட்டைப்புழுவும் உள்ளே போய் மூன்று மாதத்துக்கு மேல் ஆன பிறகுதான் முட்டை காட்டும்.

ஃபாசியோலா முட்டை தங்க மஞ்சளாகவும் பாரம்ஃபிஸ்டோம் முட்டை நிறமில்லாமலும் இருக்கும். இரண்டையும் பிரித்து எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள், மருந்து வேறு.

7. எடை

அளவைக் கண்ணால் மதிப்பிடுகிறவர்கள் எருமையை எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். குறைந்த மருந்து பலவீனமான புழுவை மட்டும் கொன்று, தாங்கியவற்றைப் பெருகவிடும். மருந்து ‘பிடிக்காமல்’ போவது இப்படித்தான்.

மேலே ஒட்டிய சேற்றை முதலில் கழுவுங்கள், காய்ந்த சேறு நாடாவில் சில சென்டிமீட்டர் கூட்டிவிடும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் மார்புச் சுற்றளவு. தோள் முனையிலிருந்து வாலோரம் புடைக்கும் இடுப்பெலும்பு முனை வரை நீளம். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 10,840ஆல் வகுத்தால் கிலோ.

சுற்றளவு 180 செ.மீ., நீளம் 140 செ.மீ. என்றால் 418 கிலோ. 420 என்று வைத்துக்கொள்ளலாம். அல்பெண்டசோல் கிலோவுக்கு 7.5 மி.கி. என்றால் இதற்கு 3,150 மி.கி. வேண்டும். இப்போது போத்தலைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். 10 சதவீதம் என்றால் ஒரு மி.லி.யில் 100 மி.கி.; 31.5 மி.லி. போதும். 2.5 சதவீதம் என்றால் 126 மி.லி. வேண்டும். பக்கத்துத் தோட்டத்து நண்பர் ‘மாட்டுக்கு முப்பது மி.லி. ஊத்து தம்பி’ என்று சொன்னது அவர் போத்தலுக்கு. உங்கள் போத்தல் 2.5 சதவீதமென்றால் கால்வாசி மருந்துதான் உள்ளே போகிறது.

சின்னக் கன்றைச் சாக்குத் துணியில் தொட்டில் கட்டித் தொங்கு தராசில் நிறுத்திவிடலாம்.

8. மருந்தைத் தேர்ந்தெடுப்பது

கடையில் பத்துப் பெயர் இருந்தாலும் உருண்டைப்புழுவுக்கு வழக்கத்தில் உள்ளவை மூன்று குடும்பம்தான். அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் ஒன்று. லெவாமிசோல், பைரன்டெல் இன்னொன்று. ஐவர்மெக்டின் மாதிரி ‘மெக்டின்’ என்று முடிபவை மூன்றாவது. போன தடவை நீலப் போத்தல், இந்தத் தடவை பச்சைப் போத்தல் என்று மாற்றியிருப்பீர்கள், உள்ளே இரண்டும் அல்பெண்டசோலாகவே இருக்கும். லெவாமிசோல் என்பது ‘சோல்’ என்று முடிந்தாலும் அல்பெண்டசோல் குடும்பமில்லை. அதில் அளவு கூடினால் மாடு எச்சில் ஒழுக நடுங்கும், கவனம்.

தட்டைப்புழுவுக்கு: டிரைக்ளபெண்டசோல் கல்லீரலில் இளம்புழுவையும் கொல்லும். அல்பெண்டசோல் கூடுதல் அளவில், அதுவும் வளர்ந்த புழுவை மட்டும். முதல் வயிற்றுத் தட்டைப்புழுவுக்கு ஆக்சிகுளோசனைடு. ஐவர்மெக்டின் தட்டைப்புழுவைத் தொடவே தொடாது. ‘ஊசி போட்டாச்சு, எல்லாம் போயிடும்’ என்பது நம் வட்டாரத்தில் நன்றாக வேரூன்றிய நம்பிக்கை. எருமைக்கு அளவு பசுவிலிருந்து சில மருந்தில் மாறும், டாக்டர் சொல்லும் அளவையே நோட்டில் எழுதுங்கள்.

சினைப்பிடித்த முதல் மாதங்களில் அல்பெண்டசோல் கூடாது, கருவைக் கெடுக்கும். சினை தெரியாத மாட்டுக்கும் கொடுக்காதீர்கள்.

பால் விற்பவர்களுக்கு: மருந்துக்குப் பிறகு எத்தனை நாள் பால் விற்கக்கூடாது என்று லேபிளில் இருக்கும். கறவைக்கே ஆகாத மருந்தும் உண்டு. தைப்பூசத்துக்குப் பால்குடப் பால் ஒப்புக்கொண்டிருந்தால் நாட்காட்டியைப் பார்த்துப் பின்னோக்கி எண்ணி, கறவைக்கு மருந்தை அதற்கு வெகு முன்னரோ பின்னரோ வையுங்கள். தயிருக்குப் போடலாமே என்பதும் ஆகாது, உறைந்தால் மருந்து போய்விடாது.

வேப்பங்கொழுந்து, பப்பாளி விதை கொடுக்கிறவர்களை நான் தடுப்பதில்லை. வெளிறிய கண்ணோடு நிற்கும் கன்றுக்கு அதைக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் காத்திருப்பதைத்தான் தடுப்பேன்.

யாருக்குக் கொடுப்பது? எல்லாவற்றுக்கும் வேண்டாம். நடுக்கூட்டத்தில் முட்டை அதிகமுள்ளவை, வெளிறியவை, மெலிந்தவை. கொழுத்து நிற்கும் வளர்ந்த மாட்டை உருண்டைப்புழு மருந்திலிருந்து விட்டுவிடுங்கள். அதன் வயிற்றில் மருந்துக்குப் பழகாத புழு கொஞ்சம் மிஞ்சுவது நமக்கு நல்லது. மருந்தைத் தாங்கும் புழு மட்டுமே நிலத்தில் பெருகாமல் அது பார்த்துக்கொள்ளும்.

9. புகட்டுவது

தலையை முதுகு மட்டத்துக்கு மேல் தூக்காதீர்கள். மூக்கணாங்கயிற்றை இழுத்து வானத்தைப் பார்க்க வைத்து ஊற்றுவதால் மருந்து நுரையீரலுக்குப் போய், மூன்றாம் நாள் காய்ச்சலில் மாடு சாகும். பழி மருந்தின்மேல் விழும். வாயோரத்துப் பல்லில்லாத இடைவெளியில் பம்பின் முனையை நுழைத்து, நாக்கின் பின்பக்கம் மெல்ல அழுத்துங்கள். இருமினால் நிறுத்தி, தலையைத் தாழ விடுங்கள். போத்தலை ஒவ்வொரு மாட்டுக்கும் முன் குலுக்க வேண்டும், இல்லையென்றால் முதல் மாடு தண்ணீரும் கடைசி மாடு மருந்தும் குடிக்கும்.

10. 14ஆம் நாள் மறுபடியும் சாணம்

மருந்து கொடுத்த அதே மாடுகள், அதே முறை, அதே ஆய்வகம். முட்டை எண்ணிக்கை 95 சதவீதமாவது குறைந்திருக்க வேண்டும். 600 இருந்த இடத்தில் 30க்குக் கீழே. குறையவில்லையென்றால் முதலில் எடையையும் போத்தல் சதவீதத்தையும் காலாவதி தேதியையும் சரிபாருங்கள். அவை சரியென்றால் அந்த மருந்துக் குடும்பம் உங்கள் நிலத்தில் வலுவிழந்துவிட்டது. மலேசியாவில் ஆடுகளின் புழுக்கள் பல மருந்துகளைத் தாங்கிவிட்டன. ஆட்டையும் எருமைக் கன்றையும் ஒரே புல்லில் மேய்ப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டவே கூடாது, ஹீமான்கஸ் இரண்டுக்கும் பொது.

11. புல், தண்ணீர், சாணக்குவியல்

சாணத்தில் விழுந்த உருண்டைப்புழு முட்டை நம் வெப்பத்தில் ஒரு வாரத்துக்குள் தொற்றக்கூடிய இளம்புழுவாகிப் புல்லில் ஏறும். அதே வெப்பத்தில் அது வேகமாகச் சக்தியிழந்து ஐந்தாறு வாரத்தில் பெரும்பாலும் செத்தும் போகும். ஆகவே ஒரு துண்டில் மூன்று நான்கு நாள், பிறகு ஐந்து வாரத்துக்குக் குறையாமல் அந்தப் பக்கம் போகக்கூடாது. தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் குலை வெட்டும் சுற்றையும் களைக்கொல்லி அடிக்கும் நாளையும் கேட்டு, அதையொட்டித் துண்டு பிரியுங்கள். முதலில் கன்றுகளை மேயவிட்டு, அதன் பின்னால் பெரிய மாடுகளை விடுவது நல்லது. செம்பனை நிழலில் பனி லேசில் காயாது. காலை ஒன்பது பத்து மணிக்கு மேல் அவிழ்ப்பது உத்தமம்.

இந்தச் சுழற்சி டாக்ஸோகாராவுக்கும் தட்டைப்புழுவுக்கும் உதவாது. தட்டைப்புழுவின் குஞ்சு நத்தையிலிருந்து வெளியேறித் தண்ணீரோரப் புல்தண்டில் ஒட்டி, ஈரத்தில் மாதக்கணக்கில் காத்திருக்கும். எருமையைச் சேற்றிலிருந்து பிரிக்க முடியாது, வியர்வைச் சுரப்பி குறைந்த உடம்பு அதற்கு. அதனால் புரளும் குட்டையை வேலி போட்டுத் தனியாக வையுங்கள், அதன் கரையில் மேய்வதற்குப் புல் இருக்கக்கூடாது. குடிதண்ணீர் தொட்டியில், குட்டையில் அல்ல. காவாய் ஓரத்தில் அறுக்கும் புல்லைத் தண்ணீர் மட்டத்துக்கு நன்றாக மேலே அறுத்து, வெயிலில் காயவைத்துப் போடுங்கள். வாத்து வளர்த்தால் நத்தை குறையும். மயில்துத்தம் போட்டு நத்தையைக் கொல்லப் போனால் மீனும் சாகும்.

கன்றுக் கொட்டகைச் சாணத்தைத் தினமும் வாரித் தனியாகக் குவித்து, தார்ப்பாயால் மூடி, சூடு ஏறவிட்டு, வாரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். குவியலின் சூடுதான் முட்டையைக் கொல்லும். பச்சைச் சாணத்தை நேரே நேப்பியர் புல்லுக்குப் போட்டு, அந்தப் புல்லை அறுத்து அதே கன்றுக்குப் போடுவது முட்டையைக் கையால் ஊட்டுவதற்குச் சமம்.

தீவனமும் பாதி மருந்து. செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு நம் ஊரில் மலிவாகக் கிடைக்கும் புரதம். நடுக்கூட்டத்துக்கு அதை முறையாகக் கொடுத்தால் அதே அளவு புழுவைத் தாங்கிக்கொண்டு எடை ஏறும்.

வெளியிலிருந்து வாங்கும் மாட்டை மூன்று வாரம் தனியே கட்டி, சாணம் பார்த்து, மருந்து கொடுத்து, 14ஆம் நாள் மறுபடி பார்த்த பிறகு மந்தையில் சேருங்கள். விற்றவர் ‘நேத்துதான் பூச்சி மருந்து கொடுத்தேன்’ என்று சொன்னால், என்ன மருந்து, எத்தனை மி.லி. என்று கேட்டு எழுதிக்கொண்டு, அப்படியும் சாணம் எடுங்கள்.